அம்மா சம்மனை வாங்க மறுத்துவிட்டார், இனி என்ன ஆகும்?

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் அப்பா பெயருக்கு முன்சீப் கோர்ட்டிலிருந்து அமீனா ஒரு சம்மன் கொண்டுவந்திருக்கிறார். அப்பா வெளியூர் போயிருந்தார். அம்மா பயந்துபோய் "எனக்கு ஒன்றும் தெரியாது, கையெழுத்துப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அமீனா ஒரு நகலைக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அதில் ஓ.எஸ். என்று ஒரு நம்பரும் அடுத்த மாதத் தேதி ஒன்றும் இருக்கிறது. போலீஸ் வந்து அப்பாவைப் பிடிக்குமா, வாங்காததால் வழக்கு நின்றுவிடுமா, சம்மனில் எத்தனை வகை, இது எந்த வகை? இவைதான் உங்கள் கேள்விகள்.

போலீஸ் வராது. வழக்கும் நிற்காது. இந்த இரண்டையும் இன்றைக்கே அம்மாவிடம் போனில் சொல்லிவிடுங்கள். முதலாவதைக் கேட்டால் அவர் நிம்மதியாகத் தூங்குவார், இரண்டாவதைக் கேட்டால் அப்பாவை வக்கீலிடம் அனுப்பிவைப்பார்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகத் தாலுகா கோர்ட்டில் தொழில் செய்கிறேன். இத்தனை வருடத்தில், நல்ல நியாயம் கையில் இருந்தும் வழக்கில் தோற்றவர்களை எண்ணிப் பார்த்தால், சாட்சி இல்லாமல் தோற்றவர்களைவிட சம்மனை வாங்காமல் ஒதுங்கியிருந்து தோற்றவர்கள்தான் அதிகமாக நினைவுக்கு வருகிறார்கள். ஒரு விதவை அம்மாள், கணவரின் கூடப்பிறந்தவர்கள் பாகம் கேட்டுப் போட்ட வழக்கு. "கையில் வாங்கினால்தான் கேஸ் உன் மேல் ஏறும், வாங்காதே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி அமீனா வரும்போதெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டார். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆனது, அதாவது அவர் கோர்ட்டுக்கு வராததால் ஒருதலையாகக் கொடுத்த தீர்ப்பு. அதன்பின் வந்த நோட்டீஸையும் அப்படியே திருப்பி அனுப்பினார். கடைசியில் கோர்ட் நியமித்த அட்வகேட் கமிஷனரும் சர்வேயரும் வீட்டு வாசலில் அளக்க வந்து நின்றபோதுதான் என்னிடம் ஓடிவந்தார். அவருடைய பங்குக்கு ஆதாரமாக ஒரு நல்ல பத்திரம் பீரோவிலேயே இருந்தது, அதைக் கோர்ட்டில் காட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது. அந்தத் தீர்ப்பைத் தள்ள வைப்பதற்குள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சம்மன் கைக்கு வந்தால் வழக்கு எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளை முதலில் பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு, அதாவது சிவில். நிலம், பணம், பாகம், வழிப்பாதை, வாடகை என்று ஏதோ ஒன்றில் ஒருவர் பிராது, அதாவது வழக்கு மனு கொடுத்திருக்கிறார், அதற்கு உங்கள் பதில் என்ன என்று கோர்ட் கேட்கிறது. எச்.எம்.ஓ.பி. என்றால் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வந்த மனு, எம்.சி. ஜீவனாம்சம், எம்.சி.ஓ.பி. வாகன விபத்து இழப்பீடு. சி.சி., எஸ்.டி.சி., எஸ்.சி. இவை கிரிமினல் பக்கம், செக் திரும்பிய வழக்குகள் பெரும்பாலும் எஸ்.டி.சி. அல்லது சி.சி. என்ற எண்ணில்தான் வரும். ஈ.பி. என்று இருந்தால் உடனே உஷாராக வேண்டும், ஏனென்றால் அது நிறைவேற்று மனு, தீர்ப்பு ஏற்கனவே ஆகிவிட்டது, இப்போது அதை அமல்படுத்த வருகிறார்கள் என்று அர்த்தம்.

எழுத்துகளுக்கு அப்புறம் உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பிரதிவாதி என்றோ எதிர்மனுதாரர் என்றோ இருந்தால் உங்கள் மேல் ஒரு கோரிக்கை இருக்கிறது. எதிரி என்று இருந்தால் கிரிமினல் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர். சாட்சி என்று இருந்தால் உங்கள் மேல் எந்த வழக்கும் இல்லை, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லக் கூப்பிடுகிறார்கள். எதிர்மனுதாரர் என்பதை எதிரி என்று படித்துவிட்டு, ஜெயில் பயத்தோடு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு.

சரி, உங்கள் அப்பாவுக்கு வந்தது சிவிலில் பிரதிவாதிக்கு அனுப்பும் சம்மன். உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், 1908-இல் 27-ஆவது பிரிவும் 5-ஆவது கட்டளையும்தான் இதற்கு அடிப்படை. சம்மனில் நீதிபதியோ அவர் நியமித்த அலுவலரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், கோர்ட் முத்திரை இருக்க வேண்டும், பிராதின் நகலும் கூடவே வர வேண்டும். பிராது நகல் இல்லாமல் வெறும் சம்மனை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் அது முழுமையான சார்வு, அதாவது முறைப்படி சம்மனைச் சேர்ப்பித்தது ஆகாது. உங்கள் வீட்டுக் கதவில் சம்மனோடு பிராது நகல் ஒட்டப்பட்டிருந்ததா, வெறும் ஒரு தாள் மட்டும்தானா என்று அம்மாவிடம் கேட்டு வையுங்கள், பின்னால் உதவும்.

அம்மா மறுத்ததற்கு வருவோம். விதிப்படி சம்மனைப் பிரதிவாதியின் கையிலேயே கொடுக்கத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர் வீட்டில் இல்லை, நியாயமான நேரத்துக்குள் கிடைக்கவும் மாட்டார், அவர் சார்பில் வாங்க அதிகாரம் பெற்ற ஏஜென்ட்டும் இல்லை என்றால் கூடக் குடியிருக்கும் குடும்பத்தில் வயது வந்த யாரிடமும் கொடுக்கலாம், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் செல்லும். வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது, அவரைக் குடும்ப உறுப்பினராகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. வாங்கியவர் கையெழுத்துப் போட மறுத்தால், அமீனா வீட்டின் வெளிக்கதவிலோ எளிதில் கண்ணில் படும் வேறு இடத்திலோ நகலை ஒட்டிவிட்டு, எப்போது ஒட்டினேன், எந்தச் சூழ்நிலையில் ஒட்டினேன், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினேன் என்று எழுதிக் கோர்ட்டுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். இது 5-ஆவது கட்டளையின் 17-ஆவது விதி. உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒட்டியதாலேயே சம்மன் சார்வாகிவிட்டது என்று ஆகாது. 19-ஆவது விதிப்படி அமீனாவின் அறிக்கை பிரமாணப் பத்திரத்தோடு வரவில்லை என்றால் அவரைச் சத்தியப் பிரமாணத்தில் விசாரித்து, முறையாகச் சார்வானதா இல்லையா என்று நீதிபதி தீர்மானிக்க வேண்டும். அப்பா இரண்டு நாளில் திரும்பி வருகிறவர், இன்னொரு முறை வந்திருந்தால் கையிலேயே கொடுத்திருக்கலாம் என்பது உண்மையாக இருந்தால் இந்தச் சார்வைக் குறை சொல்ல இடமிருக்கிறது. ஆனால் அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். வழக்கு இருப்பதும் தேதியும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. முறையில் சின்னக் குறை இருந்தது என்பதற்காக மட்டும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கூடாது, விசாரணைத் தேதி தெரிந்து வந்து நிற்க அவகாசமும் இருந்தது என்றால் அந்த வாதம் எடுபடாது என்று 9-ஆவது கட்டளையின் 13-ஆவது விதியே சொல்லிவிடுகிறது.

தபாலில் வந்தாலும் இதே கதைதான். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், விரைவுத் தபால், கோர்ட் அங்கீகரித்த கூரியர், ஃபேக்ஸ், மின்னஞ்சல் எல்லாமே 5-ஆவது கட்டளையின் 9-ஆவது விதியில் இருக்கின்றன. தபால்காரர் உறையின் மேல் "வாங்க மறுத்தார்" என்று எழுதித் திருப்பினால் சார்வானதாகவே கோர்ட் அறிவிக்கும். முகவரி சரியாக இருந்து முறைப்படி பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால், ஒப்புகை அட்டை தொலைந்துபோனாலோ 30 நாளில் திரும்பி வராவிட்டாலோகூட அப்படி அறிவிக்க இடமிருக்கிறது. சில சமயம் வாதியே கோர்ட்டில் அனுமதி வாங்கி நேரில் கொண்டுவந்து கொடுப்பார், 9ஏ விதியில் அதற்கு வழி உண்டு, தஸ்தி என்போம். எதிராளியே கொண்டுவருகிறானே என்று கோபத்தில் கிழித்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். யார் கொண்டுவந்தாலும் அது கோர்ட் கொடுத்த காகிதம்தான்.

இனி பத்திரிகை விளம்பரம். எனக்கு மனக்குறை உள்ள விஷயம் இது. பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிகிறார் என்றோ வேறு வழியில் சார்வு செய்ய முடியாது என்றோ நம்பக் காரணம் இருந்தால் மட்டும், 20-ஆவது விதிப்படி மாற்றுச் சார்வுக்குக் கோர்ட் உத்தரவிடலாம். கோர்ட் கட்டடத்தில் ஒரு நகல், அவர் கடைசியாகக் குடியிருந்த வீட்டில் ஒரு நகல் ஒட்டலாம், அல்லது அந்தப் பகுதியில் ஓடும் நாளிதழில் விளம்பரம் கொடுக்கலாம். கடைசி வழியாக இருக்க வேண்டியது நடைமுறையில் சுலப வழியாகிவிட்டது. பிரதிவாதி பத்து வருடத்துக்கு முன்னால் காலிசெய்த முகவரியைப் பிராதில் கொடுத்து, "அப்படி யாரும் இல்லை" என்று சம்மன் திரும்பியதும் யாரும் படிக்காத ஒரு பத்திரிகையின் மூலையில் விளம்பரம் போட்டு, சத்தமில்லாமல் எக்ஸ்பார்ட்டி வாங்கிப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கட்டிக்கொடுத்து வெளியூர் போன பெண் பிள்ளைகள்தான் இதில் ஏமாறுகிறார்கள், அவர்களுடைய புகுந்த வீட்டு முகவரி எல்லோருக்கும் தெரிந்திருந்தும் பிராதில் பிறந்த வீட்டு முகவரியைத்தான் போடுவார்கள். இப்படி ஏமாந்தவர்களுக்காகச் சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பைத் தள்ள வைக்கத் தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள்தான் கெடு, ஆனால் சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால் தீர்ப்பைப் பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். காலவரையறைச் சட்டம், 1963-இன் 123-ஆவது இனம் இது. பத்திரிகை விளம்பரம் மாதிரியான மாற்றுச் சார்வை இந்தக் கணக்குக்கு முறையான சார்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கெடு தாண்டியிருந்தால் காலதாமத மன்னிப்பு மனு கூடவே போட வேண்டும்.

வாதியின் பக்கமும் சம்மன் ஒரு பொறுப்புதான். வழக்குப் போட்டாயிற்று, மீதியைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் நிறைய. சம்மன் அனுப்புவதற்கான கட்டணமான பேட்டாவைக் கட்டாததால் சம்மன் போகவில்லை என்றால் வழக்கு தள்ளுபடி ஆகலாம். சார்வாகாமல் திரும்பி வந்த சம்மனுக்கு ஏழு நாளுக்குள் புதுச் சம்மன் கேட்டு விண்ணப்பிக்காவிட்டாலும் தள்ளுபடி ஆகலாம்.

இப்போது கெடு. சம்மன் சார்வான நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது பிராதுக்கு எழுத்தில் பதில் போட வேண்டும், கோர்ட் காரணத்தைப் பதிவுசெய்து 90 நாள் வரை நீட்டலாம். இந்த 90 நாள் இரும்புச் சட்டம் இல்லை, தக்க காரணம் இருந்தால் அதற்கு மேலும் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் கைலாஷ் வழக்கில் சொன்னது. வணிக வழக்குகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, அங்கே 120 நாள் முடிந்தால் எதிருரை போடும் உரிமையே போய்விடும். உங்கள் அப்பா வழக்கில் கதவில் ஒட்டிய தேதியையே முதல் நாளாக வைத்து எண்ணுங்கள், அதுதான் பத்திரம். முதல் தேதிக்கு அப்பா நேரில் போய் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை, நேரில் வர வேண்டும் என்று சம்மனில் தனியாகச் சொல்லாத வரை வக்கீல் வக்காலத்து போட்டால் போதும்.

பணம் சம்பந்தப்பட்ட ஒரு வகைச் சிவில் சம்மன் மட்டும் வேறு மாதிரி, அதில் கெடு மிகவும் குறைவு. புரோநோட்டு, செக், எழுத்தில் உள்ள ஒப்பந்தம் ஆகியவற்றை வைத்து 37-ஆவது கட்டளையின் கீழ் சுருக்க வழக்குப் போட்டிருந்தால், சம்மன் வந்த 10 நாளுக்குள் வழக்கில் தோன்றி முகவரி கொடுக்க வேண்டும். அதன்பின் தீர்ப்புக்கான சம்மன் என்று இரண்டாவது ஒன்று வரும், அது வந்த 10 நாளுக்குள் "எனக்கு எதிர்வாதம் இருக்கிறது, வழக்காட அனுமதி கொடுங்கள்" என்று மனுப் போட வேண்டும். இதைச் சாதாரண ஓ.எஸ். என்று நினைத்து 30 நாள் இருக்கிறதே என்று இருந்தால் ஒரு வார்த்தை பேசுவதற்குள் தீர்ப்பாகிவிடும். சம்மனின் தலைப்பில் 37-ஆவது கட்டளை என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சிவிலில் ஆளைப் பிடிக்கவே மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, அது ஈ.பி. கட்டத்தில் வரும். பணத் தீர்ப்பு ஆகி, கட்ட வசதியிருந்தும் கட்டாமல் இருந்தால் சிவில் சிறைக்கு அனுப்ப முடியும், அதற்கு முன் ஏன் அனுப்பக் கூடாது என்று காரணம் கேட்டுத்தான் பொதுவாக நோட்டீஸ் வரும். பணத் தீர்ப்புக்காகப் பெண்களை அப்படிக் கைது செய்யவே கூடாது என்பது 56-ஆவது பிரிவு. உங்கள் அப்பா வழக்கு அந்த இடத்துக்கு வருவதற்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது.

சாட்சிச் சம்மன் வந்தால் பலர் வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள், தேவையே இல்லை. சிவிலில் சாட்சியைக் கூப்பிடுகிறவர் சாட்சியின் போக்குவரத்துச் செலவையும் படியையும் முன்னதாகவே கோர்ட்டில் கட்ட வேண்டும், அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. வராமல் இருந்தால் வாரண்டு, சொத்து ஜப்தி, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று 32-ஆவது பிரிவில் இருக்கிறது. உடம்பு சரியில்லாதவர், வர முடியாத வயதானவர் என்றால் மருத்துவச் சான்றோடு கோர்ட்டுக்குத் தெரிவித்தால், வீட்டுக்கே ஒரு கமிஷனரை அனுப்பிச் சாட்சியம் பதிவுசெய்ய வழி உண்டு. ஆவணத்தை மட்டும் கொண்டுவரச் சொல்லும் சம்மன் இன்னொரு வகை. சார்பதிவாளர், வி.ஏ.ஓ., வங்கி மேலாளர், ஆஸ்பத்திரி பதிவேடு வைத்திருப்பவர் இவர்களுக்குத்தான் அதிகம் போகும். அவரே வர வேண்டியதில்லை, வேறொருவர் கையில் கொடுத்தனுப்பலாம். ஆவணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார் என்பதாலேயே அவர் சாட்சி ஆகிவிடமாட்டார், அவரைச் சாட்சியாக அழைக்காத வரை குறுக்கு விசாரணையும் செய்ய முடியாது. இந்த விதியைத் தெரியாமல் கூண்டில் ஏறி அரை மணி நேரம் கேள்விகளுக்குத் திணறிய கிளார்க் ஒருவரை எனக்குத் தெரியும், பாவம், அவர் பக்கத்தில் ஆட்சேபணை சொல்லக்கூட ஆள் இல்லை.

கிரிமினல் பக்கம் 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது, சம்மன் பற்றியது 63-ஆவது பிரிவில் தொடங்குகிறது. பெரும்பாலும் ஸ்டேஷனிலிருந்து கோர்ட் வேலை பார்க்கும் போலீஸ்காரர்தான் கொண்டுவருவார், அதற்காக அவர் கைது செய்ய வந்திருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். பழைய சட்டத்தில் ஆள் இல்லாதபோது வீட்டில் வயது வந்த ஆண் உறுப்பினரிடம்தான் கொடுக்கலாம் என்று இருந்தது. சிவிலில் பெண்களிடமும் கொடுக்கலாம், கிரிமினலில் கூடாது என்ற அந்தப் பழைய வேறுபாடு புதுச் சட்டத்தின் 66-ஆவது பிரிவில் போய்விட்டது, இப்போது அம்மாவோ அக்காவோ வாங்கினாலும் செல்லும். சின்ன மாற்றமாகத் தெரியும், ஆனால் என்னைப் பொறுத்தவரை இது ரொம்பக் காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது.

மரண தண்டனை, ஆயுள் தண்டனை, இரண்டு வருடத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்கள் வாரண்டு வழக்கு. மீதியெல்லாம் சம்மன் வழக்கு. செக் வழக்கில் அதிகபட்சம் இரண்டு வருடம் என்பதால் அது சம்மன் வழக்கு. முதலில் சம்மன் அனுப்பு, வராவிட்டால் ஜாமீனில் விடக்கூடிய வாரண்டு, அதற்கும் வராமல் வேண்டுமென்றே தவிர்க்கிறார் என்று தெரிந்தால் ஜாமீனில் விட முடியாத வாரண்டு என்பதுதான் பொதுவாக முறை என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் வலியுறுத்தியிருக்கிறது. ஆக வாரண்டு திடீரென்று வானத்திலிருந்து விழுவது அபூர்வம், பெரும்பாலும் அதற்கு முன்னால் தவறவிட்ட ஒரு சம்மன் இருக்கும். வாரண்டு பிறந்துவிட்டால் அதைக் கோர்ட் ரத்து செய்கிற வரைக்கும் அல்லது ஆளைப் பிடிக்கிற வரைக்கும் உயிரோடு இருக்கும், வருடம் போனால் காலாவதி ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். தானாகவே வக்கீலோடு போய், வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் ரீகால் மனுப் போடுவதுதான் நல்லது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வர முடியாத வேலையில் இருப்பவர்கள் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு 228-ஆவது பிரிவில் மனுப் போடலாம், காரணம் சரியாக இருந்தால் கிடைக்கும்.

செக் வழக்கில் முக்கியமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. எதிராளி அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் உண்மையிலேயே கைக்கு வரவில்லை, கோர்ட் சம்மன் வந்துதான் விஷயமே தெரியும் என்கிறவர், சம்மனும் புகார் நகலும் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டு, கட்டிவிட்டேன், புகாரைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்கலாம். 2007-இல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அந்த 15 நாளில் கட்டாதவர் நோட்டீஸ் வரவில்லை என்ற வாதத்தைப் பின்னால் எடுக்க முடியாது.

வேண்டுமென்றே சம்மனுக்கு ஒளிவதும், சம்மன் வாங்கிவிட்டுக் கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பதும் தனிக் குற்றங்கள், பாரதிய நியாய சன்ஹிதாவின் 206, 208 ஆகிய பிரிவுகள். கோர்ட்டில் ஆஜராகச் சொன்ன சம்மனாக இருந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உங்கள் அம்மா பயத்தில் ஒரு தடவை கையெழுத்து மறுத்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

சம்மன் என்று எல்லோரும் சொன்னாலும் கோர்ட் சம்மன் அல்லாதவையும் உண்டு. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆவது பிரிவில் வருவது விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது, நேரில்தான் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாட்சியாக ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவது அதே சட்டத்தின் 179-ஆவது பிரிவு. அதில் பெண்களையும், 15 வயதுக்குக் கீழே, 60 வயதுக்கு மேலே உள்ளவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடுமையான நோயில் இருப்பவர்களையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தை விட்டு வேறு எங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அமலாக்கத் துறை, ஜி.எஸ்.டி. அதிகாரிகளும் தங்கள் சட்டத்தின் கீழ் சம்மன் அனுப்பலாம், அவை தனிக் கதை.

வாட்ஸ்அப் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். கோர்ட்டின் முத்திரைப் படத்தோடு மின்னணு முறையில் கிரிமினல் சம்மன் அனுப்பப் புதுச் சட்டத்தில் இடம் இருக்கிறது, மாநில அரசு வகுக்கும் விதிகளின்படி. இதையே மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். சிங்க முத்திரை போட்ட பி.டி.எஃப். வரும், வீடியோ காலில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் வருவார், டிஜிட்டல் அரெஸ்ட் என்பார், பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்று என்பார். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெருகிவிட்டது. எந்தக் கோர்ட்டும் சம்மனில் பணம் அனுப்பச் சொல்லாது, போனில் உங்களை வீட்டுக்குள் அடைத்து வைக்காது, வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லாது. சந்தேகம் வந்தால் ஈ-கோர்ட்ஸ் தளத்திலோ அதன் செயலியிலோ போய் வழக்கு எண்ணையோ, சி.என்.ஆர். என்கிற 16 இலக்க எண்ணையோ போட்டுப் பாருங்கள். வாதி யார், பிரதிவாதி யார், எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா எப்போது என்று எல்லாம் வரும். அதிலும் தெரியாவிட்டால் அந்தக் கோர்ட்டுக்கே நேரில் போய்க் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை.

உங்கள் விஷயத்தில் நாளைக்கே செய்ய வேண்டியது இது. கதவில் ஒட்டிய காகிதத்தைக் கிழியாமல் எடுத்து, எடுக்கும் முன் கதவோடு சேர்த்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டிய தேதியையும் நேரத்தையும் அம்மாவுக்கு நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஓ.எஸ். எண்ணை ஈ-கோர்ட்ஸில் போட்டு வாதி யார் என்று பாருங்கள். அப்பா வந்ததும் அதே கோர்ட்டில் தொழில் செய்யும் ஒரு வக்கீலிடம் வக்காலத்து கொடுத்து, பிராது நகல் கிடைக்கவில்லை என்றால் அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச வக்கீல் கொடுப்பார்கள். வழக்கில் உள்ள சொத்து அம்மா பெயரிலும் இருந்து அவரும் ஒரு பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அவர் தனியாகவே விண்ணப்பிக்கலாம். முதல் தேதி தப்பி, எக்ஸ்பார்ட்டி என்று மட்டும் எழுதி வழக்கைத் தள்ளி வைத்திருந்தால்கூடத் தீர்ப்புக்கு முன்னால் 9-ஆவது கட்டளை 7-ஆவது விதியில் மனுப் போட்டு உள்ளே வந்துவிடலாம், ஆனால் அந்த நிலைக்கே போக விடாதீர்கள்.

பிராது நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கங்களில் தபசில் என்றோ சொத்து விவரம் என்றோ ஒரு பகுதி இருக்கும். அதில் இருக்கும் சர்வே நம்பரையும், என்ன பரிகாரம் கேட்டிருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள், பாகமா, நிரந்தர உறுத்துக்கட்டளையா (ஒன்றைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் உத்தரவு), பணமா என்று தெரிந்தால் எதிருரைக்கு எந்தெந்தப் பத்திரங்களைத் தேடி எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன்.